பிஸ்கட் டப்பா பெடல் தொடர்பாக மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு மூவரும் நலம். தாங்கள் நலமா என்பதை, உங்கள் அக்கா தொலைபேசியில் பேசும்போது கதவோரம் நின்று தெரிந்துகொள்கிறேன். ஆகவே தனியாக விசாரிக்கவில்லை.

தாங்கள் கிட்டாரை என் வீட்டு அலமாரி மேல் போட்டுவிட்டுப் போய் ஏழு சனிக்கிழமைகள் ஆகின்றன. அன்று நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், நான் எதையும் மறப்பதில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவரைத் துறைத்தலைவர் ஆக்கிய கல்லூரியையும் மறக்கவில்லை, என் ஏணியைப் பச்சை பெயின்ட்டோடு திருப்பித் தந்த தங்களையும் மறக்கவில்லை. “கிட்டார் சத்தம் கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி இருக்கணும் அத்தான், ஆனா அழக் கூடாது” என்று கேட்டது தாங்கள்தானே? அதற்காகத்தானே இரண்டு மாதம் கண் எரியப் பற்றவைக்கும் புகையில் உட்கார்ந்து, காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலைப் பிஸ்கட் டப்பாவுக்குள் செய்தேன்? நானே பொத்தானை மிதித்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது, நீ வாசித்தாய். வாசித்துவிட்டு உறவினர் ஒன்பது பேர் முன்னால் என்ன சொன்னாய்? “அத்தான், விளக்கு மட்டும்தான் எரியுது. சத்தத்துல ஒரு மாத்தமும் இல்ல.” கரகரப்பு கேட்கவில்லையா என்றேன். “அது கிழிஞ்ச ஸ்பீக்கர்லேருந்து வருது. எதுக்கும் இன்னொரு தடவ மிதிச்சுப் பாருங்களேன்.” இயற்பியலில் முதுகலை படித்தவனைப் பார்த்து, மிதிச்சுப் பாருங்களேன்! “மொதல்ல உன் காதக் கழுவிட்டு வாடா” என்று நான் சொன்னதும், நீ அடுத்த பாட்டை ஆரம்பித்தபோது பிளக்கைப் பிடுங்கியதும் கொஞ்சம் அதிகம்தான். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பிடுங்கிய பிறகு அறையில் விழுந்த அமைதி இன்னும் போகவில்லை.

நீ போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. குறை இருந்தால் டோனில்தான் இருக்கும் என்று முடிவு செய்து, பெடலில் சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் குமிழுக்குப் பின்னால் உள்ள கெப்பாசிட்டரைக் கழற்றிப் பெரியதாகப் போட்டேன். பெரியது போட்டால் கீச்சுச் சத்தம் அடங்கும், இது பாடப்புத்தகத்தில் உள்ளது. எனக்குத் தெரிந்த மூன்று கார்டு சுரக்கூட்டுகளையும் உன் கிட்டாரில் வாசித்தேன். போர்வைக்குள் பேசுவது போல் இருந்தது. சிறியது போட்டேன், தட்டில் கத்தி கீறுவது போல் இருந்தது. இப்படி நான்கு கெப்பாசிட்டர், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் குறிப்பு. பொத்தான் தேய்ந்துவிடும் என்பதால் அதை மறுபடி மிதிக்கவே இல்லை. விளக்கு எரிந்தபடியே இருக்கும், ஆம்ப்ளிஃபயரை மட்டும் அணைப்பேன். மகளைக் கேட்டேன். காதிலிருந்து இயர்போனை எடுக்காமலே “இப்ப சூப்பர்ப்பா” என்றாள். கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மாவைக் கேட்டேன். நாள் முழுக்கத் துளைக்கும் சத்தத்திலேயே வாழ்கிறவர், அவருக்குத் தெரியாத கீச்சா? “முன்னைக்கு இப்ப ரொம்ப மென்மையா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு ஏனோ வேகமாகக் கதவைச் சாத்தினார். உன் அக்கா மட்டும், “நாலு தடவையும் ஒரே இழவுதாங்க கேக்குது” என்றாள். அது உங்கள் குடும்பக் காது, அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே நான்காவது கெப்பாசிட்டரே சரியானது என்று தீர்ப்பாகிவிட்டது. தாங்கள் வந்து, கேட்டு, அன்று சொன்னது தவறு என்று அதே ஒன்பது பேர் முன்னால் சொன்னால் பழையதையெல்லாம் விட்டுவிடுகிறேன், ஏணியைத் தவிர. வராவிட்டால் கிட்டாரை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும். உறையில் தூசி சேர்கிறது. நானும் எத்தனை முறைதான் துடைப்பது?

தங்கள் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி, தங்களுக்கு நல்ல செவித்திறன் அமைய என் வேண்டுதல்.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் உள்ள
அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் உன் அக்கா தரையைத் துடைக்க வந்து பெடலை மிதித்துவிட்டாள். விளக்கு அணைந்தது. கெடுத்துவிட்டாயே என்று கத்தியபடி, ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தபடியே கிடந்த கிட்டாரைத் தூக்கினேன், கை கம்பியில் பட்டது. ஜன்னல் அதிர்ந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். விளக்கின் கம்பியை நான் பொத்தானில் தலைகீழாக வைத்துப் பற்றவைத்திருக்கிறேன். விளக்கு எரிந்தால் பெடல் வேலை செய்யாது, அணைந்தால்தான் செய்யும். அன்று இன்னொரு தடவை மிதித்திருக்கலாம்.

டாக்டரம்மா மேலே ஓடி வந்து, “சார், இன்னிக்குத்தான் சத்தம் மாறியிருக்கு” என்றார். இப்போது குமிழைத் திருப்பினால் உண்மையாகவே போர்வையும் கேட்கிறது, கத்தியும் கேட்கிறது. நடுவே ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அங்கே பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மேலே எழுதியதில் உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சொன்னதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை அடித்துவிடு. ஏணியையும்தான். சனிக்கிழமை வா. பிளக் பக்கமே போக மாட்டேன்.

சத்தம் நீ கேட்டபடியே தொண்டை கட்டியிருக்கிறது, அழவில்லை. வேறு யாராவது அழுதார்களா என்று உன் அக்காவிடம் கேட்காதே.