ஒண்ணுக்கு டாக்டரம்மாவும் ஐந்து லிட்டர் கேனும்

ஆவடியில் எத்தனையோ டாக்டர்கள் உண்டு. ஆனால், உள்ளே வருகிறவரின் பெயரைக் கேட்பதற்கு முன்பே, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறீங்க?” என்று கேட்கும் டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேஜையில் நான் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன்.

பெயர்ப்பலகையில் அவர் ஹார்மோன் நிபுணர். ஊருக்கு ‘ஒண்ணுக்கு டாக்டரம்மா’. சுகர் காட்ட வந்த ரிட்டயர்ட் சூப்பர்வைசர் ஒருவர், “அஞ்சாறு தடவை இருக்கும்” என்று கூச்சத்தோடு சொன்னார். “அஞ்சா, ஆறா?” என்று அதட்டினார் அம்மா. மறுவாரம் மனிதர் மணிவாரியாக நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூன்றாவது டம்ளர் தண்ணீர் கேட்டால் போதும், அங்கேயே விசாரணை ஆரம்பித்துவிடும்.

அப்போதுதான் தனசேகர் வந்தார். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். திங்கட்கிழமை இடது பக்கம் ஒரு வேனை உரசினார், செவ்வாய்க்கிழமை வலது பக்கம் ஒரு பஸ்ஸை.

“நேரா பாத்தா தெர்து மேடம். ரெண்டு சைடும் இருட்டிக்கினு கீது. தல வேற இடிக்குது” என்றார்.

கையில் ஸ்கேன் இருந்தது. மூளைக்கு அடியில், கொண்டைக்கடலை அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி உண்டு. அதில் கட்டி, இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மனிதர் பயத்திலேயே பாதி செத்துப் போயிருந்தார்.

அம்மா தன் கேள்வியைக் கேட்டார்.

“அத்த ஏன் கேக்குறீங்க? குடிக்கிறேன், போறேன், மறுபடி குடிக்கிறேன். இதே வேலையாத்தான் கீறேன்.”

பரிசோதித்தால் சுகர் துளிகூட இல்லை. அம்மா ஆட்டோ ஓட்டக் கூடாது என்று தடை போட்டு, ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார். “நாளைக்கு முழுக்க இதுலதான் போகணும்.”

கேன் பத்தவில்லை. தனசேகர் இரண்டு கேன்களோடு நண்பருடைய ஆட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே இருந்தது பச்சைத் தண்ணீர் மாதிரி அவ்வளவு தெளிவு.

“பின் சீட்டு அம்மா ஒரு மொடக்கு குடுப்பான்னு கேட்டாங்கோ மேடம். கேன கட்டிப் புட்சிக்கினு வந்தேன்.”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “சாதாரணக் கட்டி இப்படித் தாகத்தைக் கிளப்பாது. சளி இருந்துச்சா?”

“ரெண்டு மாசமா மூக்கடைப்பு. அப்பப்ப ஜொரம்.”

அம்மா ஸ்கேனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் மட்டும் மோதிரம் மாதிரி வெள்ளை, நடுவில் இருட்டு. உடனே சர்ஜனுக்குப் போன்.

“டாக்டர், அது கட்டி இல்ல, சீழ். மூக்குல இருந்து மேல ஏறியிருக்கு. ரெண்டு வாரம் காத்திருந்தா கண்ணு போகும், ஆளும் போகலாம்.”

“ரொம்ப அபூர்வம் மேடம் அது” என்று மறுமுனையில் சிரிப்பு.

“அபூர்வமா வந்தாலும் வந்தது வந்ததுதானே? ஸ்டீராய்டு போட்டுட்டு நாளைக்கே திறங்க. வர்றதைக் கல்ச்சருக்கு அனுப்புங்க, என்ன கிருமின்னு தெரியட்டும்.”

மறுநாள் மூக்கு வழியாகத் திறந்தார்கள். மத்தியானம் போன் வந்தது. அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்து, “சீழ்! சீழ்!” என்று கையைத் தட்டினார். காத்திருந்த இருபது பேரும் தங்கள் ரிப்போர்ட்தான் என்று பயந்து எழுந்து நின்றார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் கைதட்டினார்கள். அன்று சுகர் நோயாளிகள் அத்தனை பேருக்கும் ஆளுக்குக் கால் துண்டு மைசூர்பாகு. கொடுத்தது சாட்சாத் அம்மாவேதான்!

ஆறு வாரம் ஊசி, அப்புறம் மாத்திரைகள். ஹார்மோன் மாத்திரை மட்டும் விடாமல் சாப்பிட வேண்டும். தலைவலி போயிற்று, தாகம் அடங்கிற்று, இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தது.

கண் டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த அன்று, தனசேகர் ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றார். அம்மா நேரே போய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“எங்க மேடம்?”

“பூந்தமல்லி.”

அம்மாவுக்கு வீடு திருநின்றவூரில். பூந்தமல்லியில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. எனக்கும்தான் கிடையாது. நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.