சுருங்கிய பாதாம்பருப்பு

தியானம் செய்துவிட்டுச் சும்மா இருப்பவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. செய்ததால் தன் மூளைக்குள் என்ன நடந்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்களே, நான் சொல்ல வந்தது அவர்களைத்தான். மூளைத் தியானி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான எங்கள் பைரன் பேயில் தடுக்கி விழுந்தால் ஒரு மூளைத் தியானி மேல்தான் விழவேண்டும்.

பக்கத்து வீட்டு ரஸ்ஸலையே பாருங்கள். விடிந்ததும் கடற்கரையில் பாயை விரித்து, மூளை அலையை அளக்கும் பட்டையை நெற்றியில் கட்டி, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, போனில் 'அமைதி' என்று வந்ததும் நேரே என் வேலிக்கு வந்து, நான் காபியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து ஆரம்பிப்பார்.

"கோபம் இருக்கே மேட், அது மூளைல அமிக்டலான்னு ஒரு எடத்துல இருக்கு. பாதாம்பருப்பு அளவுதான். எனக்கு அது சுருங்கிடுச்சு."

விஞ்ஞானிகள் 'சுருங்கலாம்' என்கிறார்கள், அதுவும் தயங்கித் தயங்கி. இவருக்குச் சுருங்கியே விட்டது! உள்ளே போய்ப் பார்த்தது யார்?

போன கிறிஸ்துமஸில் இவர் போட்ட கூச்சலில் கைக்குழந்தையோடு எழுந்து போன மகள் டேகன், இந்த ஞாயிறுதான் மறுபடி வந்தாள்.

"இன்னொரு தடவ கத்துனீங்கன்னா, பேரனை போட்டோவுலதான் பாப்பீங்கப்பா."

"யாரும்மா கத்தப் போறா? அந்தப் பருப்புதான் சுருங்கிடுச்சே!"

கொல்லையில் பார்பிக்யூ. ரஸ்ஸல் கையில் இடுக்கி. எங்கள் ஊரில் அந்த இடுக்கியை வைத்திருப்பவர் கொடுத்தால் வாங்கலாம்; நாமாக எடுக்கக் கூடாது. அவர் பீர் எடுக்க உள்ளே போன நேரத்தில், மருமகன் லாக்லன் அதை எடுத்துக் கருகிக்கொண்டிருந்த சாசேஜ்களைத் திருப்பிவிட்டான். கரிசனம்தான், பாவம்.

"எவன்டா என் இடுக்கியத் தொட்டது?"

மரத்திலிருந்த காக்கட்டூ கிளிகள் அத்தனையும் பறந்தன. குழந்தை வீறிட்டது. டேகன் பையை எடுத்தாள், குழந்தையைத் தூக்கினாள்; லாக்லன் காரைக் கிளப்பினான். ரஸ்ஸல் இடுக்கியோடு காரின் பின்னால் ஓடினார்.

"நான் அமைதியாத்தான் இருக்கேன்! வேணும்னா பட்டையக் கட்டிப் பாரு!"

கார் தெருமுனை திரும்பிவிட்டது. அவர் மனைவி நரெல் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "சுருங்குனது நம்ம குடும்பந்தான், ரஸ்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். தினமும் மூச்சுப் பயிற்சி செய்கிறீர்கள், மனம் தெளிந்துவிட்டது, ரொம்பச் சந்தோஷம். வீட்டில் இருப்பவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன், "நான் மாறியிருக்கேனா?" என்று. பதில் சொல்லுமுன் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், கையில் இருக்கும் இடுக்கியை மெதுவாகக் கீழே வைத்துவிடுங்கள்.