பர்மாவுக்குப் போகாத போர்வீரர்

நெல்லியடி
14.08.1966

ஈப்போவில் வசிக்கும் பெருமதிப்புக்குரிய அண்ணை சண்முகநாதன் அவர்களுக்கு, தம்பி தில்லைநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அம்மன் அருளால் நானும் குணலட்சுமியும் பிள்ளைகளும் சுகம். அங்கு நீங்களும் மச்சாளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். சென்ற ஞாயிறு வரை நான் சுகமாயிருக்கவில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதைக் கோபமில்லாமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் கலியாணப் பேச்சின்போது, நான் பட்டாளத்து உடுப்போடு துவக்குப் பிடித்து நிற்கும் படத்தைப் பெண் வீட்டாருக்குக் காட்டி, தம்பி பர்மாவில் சண்டை பிடித்தவன் என்று சொன்னீர்கள். துவக்கு, படம் பிடித்த கடைக்காரருடையது. நான் திருகோணமலைப் பட்டாளத்துப் போறணையில் மா பிசைந்து பாண் போடும் வேலை செய்தது நம் இருவருக்கும் மட்டுமே தெரியும். சொல்லிவிட்டு நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள். நான் பத்தொன்பது வருடமாகப் பர்மாவைப் பற்றி வாய் திறக்காமல் சமாளித்தேன். குணலட்சுமி அதை அடக்கம் என்று எண்ணினாள்.

இப்போது வாசிகசாலை ஆண்டு விழாவில் ஒரு வீரரைக் கௌரவிக்க வேண்டுமென்று காரியதரிசி ஏரம்பு மாஸ்டர் தேடித் திரிந்து, எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படத்தைக் கண்டுவிட்டார். நான் மறுக்க வாயெடுக்கமுன் குணலட்சுமி ஓமென்று சொல்லி, புதுச் சேலையும் எடுத்து, தெல்லிப்பழையிலுள்ள தமக்கைக்கும் அறிவித்துவிட்டாள். நோட்டீசில் 'பர்மாப் போர்முனை கண்ட வீரர்' என்று பெரிய எழுத்து. காய்ச்சல் வந்தால் தப்பலாம் என்று விடியற்காலையில் இருபது வாளி கிணற்றுத் தண்ணீரைத் தலையில் வார்த்தேன், அண்ணை, ஒரு தும்மல்கூட வரேல்லை.

மேடையில் ஏறி இருந்து பார்த்தால், முன்வரிசையில் பருத்தித்துறைக் கிறிஸ்துநாயகம். திருகோணமலையில் குண்டு விழுந்த அன்று காயக்காரரை அம்புலன்சில் ஏற்றி இறக்கி, இடது கையில் இரண்டு விரலை இழந்த மனிதர். அவருக்கு என்னைத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு அவரைத் தெரியும். அவர் கீழே இருக்க நான் மேலே மாலைக்குக் கழுத்தை நீட்டுவதா? ஏரம்பு மாஸ்டர் நான் சுட்டு வீழ்த்திய எதிரிகளின் தொகையைச் சொல்லத் தொடங்கவும் எழும்பிவிட்டேன்.

"நான் ஒருத்தரையும் சுடேல்லை. பாண்தான் சுட்டனான். குண்டு விழேக்கை மா மூட்டையளுக்குப் பின்னாலை ஒளிச்சிருந்தனான்."

கிறிஸ்துநாயகம் மெல்ல எழும்பினார்.

"அண்டைக்குப் பின்னேரம் சூடாப் பாண் வந்தது. ரத்தக் கையைக் கழுவிப்போட்டு, அழுதழுது திண்டனாங்கள். ஆர் சுட்டதெண்டு இண்டைக்குத்தான் தெரியும். மாலையை அவருக்கே போடுங்கோ."

நான் அதை வாங்கி அவருக்குப் போட்டேன். தான் ஏற்றியவர்களில் பாதிப்பேர் வழியிலேயே போய்விட்டார்கள், தனக்கென்ன மாலை என்று கழற்றி, செத்தவர்களுக்கென்று ஒரு வெறுங் கதிரையில் வைத்தார். ஏரம்பு மாஸ்டர் அந்தக் கதிரையில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று; இருந்திருந்தால் அவரும் செத்தவர் கணக்கில் சேர்ந்திருப்பார்.

வீட்டுக்குப் போகும்போது குணலட்சுமி எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். தாய் வீட்டுக்குப் போகப்போகிறாள் என்றே நினைத்தேன். படலையைத் திறந்துகொண்டு சொன்னாள்:

"தேத்தண்ணி வைக்கவும் தெரியாதெண்டு பத்தொன்பது வருசம் கதிரையிலை இருந்த மனிசன், பட்டாளத்துக்கே பாண் சுட்டவரோ? நாளையிலிருந்து குசினி உங்கடை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அண்ணை, என்ரை நெஞ்சிலிருந்து ஒரு மா மூட்டை இறங்கினது மாதிரி இருந்தது. இனி ஒருநாளும் பொய்ப் பெருமை சுமக்கமாட்டேன். மச்சாளுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தங்களும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி
தில்லைநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் பருத்தித்துறையிலிருந்து ஒரு சங்கத்தார் காரில் வந்தார்கள். நான் மேடையில் சொன்னதைத் தன்னடக்கமென்று எடுத்துக்கொண்டு என்னைக் கௌரவிக்கப் போகிறார்களாம். 'தன்னடக்கம் மிக்க பர்மா வீரர்' என்று நோட்டீசும் அடித்துவிட்டார்கள். பார்க்க வடிவாய்த்தான் இருக்கிறது. இந்தமுறை நானே ஓமென்று சொல்லிவிட்டேன். பர்மாவில் எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை உடனே எழுதவும்.