அரசு ரகசியத் தீர்த்தம்

சமயநல்லூர் தாண்டியதும் பேருந்தில் பாதிப் பேர் காலி கேனோடு இறங்கினால், அது சர்க்கரைச் சித்தர் மடம் என்று தெரிந்துகொள்ளலாம். கார்களும் வரிசையாக நிற்கும். வக்கீல், எஞ்சினியர், பேராசிரியர் எல்லாம் வருவார்கள். படிப்பைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இறங்குவார்கள்.

சித்தரின் சொந்தப் பெயர் சோலை. முன்பு போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். தோண்டிய இடமெல்லாம் புழுதி. ஒரே ஒரு குழியில் தண்ணீர் வந்தது. அதிசயத் தீர்த்தம் என்று மற்றவர்கள் சொல்வதற்குள் அவரே சொல்லிக்கொண்டார்.

வைத்தியம் கண்முன்னே நடக்கும். முதலில் உள்ளங்கையில் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம். நக்கிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்வார்கள். பிரசாதம் வாங்கிய கையைக் கழுவினால் பாவம் என்று வளர்ந்த ஜனம்! அப்புறம் சீடர் விரலில் குத்தி, சுகர் மிஷினில் ரத்தம் வைப்பார். நானூறு! ஐந்நூறு! கூட்டம் "ஐயையோ!" என்னும். சித்தர் அந்தக் கையைத் தீர்த்தத்தால் கழுவி, ஒரு மடக்கு குடிக்கவைத்து, மந்திரத்தை முணுமுணுத்து, மறுபடி குத்தச் சொல்வார். இருநூறு! அரோகரா!

"மிச்ச இருநூறு, சாமி?"

"அது போன ஜென்மத்துச் சர்க்கரை. அடுத்த பௌர்ணமிக்கு வா."

வாசலில் ஒரு பலகை: 'இத்தீர்த்தம் அரசுச் சுகாதாரத் துறையால் பரிசோதிக்கப்பட்டது. முடிவு அரசு ரகசியம்.' ஏன் ரகசியமாம்? வெளியே சொன்னால் மருந்துக் கம்பெனிகள் மூடவேண்டி வருமாம். அரசாங்கத்துக்கு மருந்துக் கம்பெனி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள்!

மிஷன் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிலோமினாளும் அந்தப் பலகையைப் படித்தார். இன்சுலினை நிறுத்தினார். கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் கறுக்க ஆரம்பித்தது. அவருடைய நாத்தனார் எஸ்தர், வங்கி அதிகாரி, பார்த்துப் பதறிப்போனாள்.

"மதினி, காலு போயிரும். ஊசி போடுங்க."

"எம்புட்டுப் பேருக்குக் கொறஞ்சிருக்கு, நானே கண்ணால பாத்தேன்டி."

"ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறீங்க, இங்க பஞ்சாமிர்தம் வாங்குறீங்க?"

"நான் மருந்துன்னு நெனச்சுத்தான் வாங்குறேன். மாதாவுக்குத் தெரியும். அதவிடு, கவர்மெண்ட்டே டெஸ்ட் பண்ணிருக்குல்ல?"

"சரி, கவர்மெண்ட்டையே கேட்டுருவோம். ரிப்போர்ட்ல நல்லதுன்னு இருந்தா நானும் உங்ககூட வாரேன், கேன் தூக்க. இல்லைன்னா ஊசி போடணும். சம்மதமா?"

பிலோமினாள் சம்மதித்தார்.

எஸ்தர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தரவேண்டும் என்று அடிக்கோடிட்டாள். அந்தச் சுகாதார அலுவலகம் எது என்று கேட்காதீர்கள். நகரத்தில் இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, போதும். அங்கே தகவல் அலுவலர் கண்ணுச்சாமி. சட்டப்படி சித்தருக்கும் ஒரு தாக்கீது அனுப்பினார். அப்புறம் ஆற அமர ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதினார்: மூன்றாம் நபரின் வணிக நலன் பாதிக்கப்படும், தர இயலாது.

அந்தக் கடிதத்தின் நகல் மடத்துக்கும் போனது. மறுநாளே பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ்: 'அரசே மறுத்தது! ரகசியம் உண்மை!' அரசாங்க முத்திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி அடித்திருந்தார்கள். அதற்கும் ஒருவர் சூடம் காட்டினார். கூட்டம் இரட்டிப்பானது. புண்ணும்தான்.

எஸ்தர் விடவில்லை. மேல்முறையீடு செய்து, விசாரணைக்கு மதினியையும் கையோடு அழைத்துப் போனாள். மேலதிகாரி மாதங்கி, கண்ணுச்சாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி ரிப்போர்ட் எப்ப இருந்து ரகசியமாச்சு?"

"அப்படித்தான் மேடம் சொல்றாங்க..."

"யாரு சொல்றா? ஃபைலைத் தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்கல மேடம். ரகசியம்னு மடத்துல போர்டு போட்டிருந்துச்சு."

தன் அலமாரியில் இருக்கும் கோப்பு ரகசியம் என்பதை, சமயநல்லூர்ப் பலகையில் படித்துத் தெரிந்துகொண்ட அதிகாரி! அவர் நாற்காலிக்கடியிலேயே ஒரு கேன் இருந்தது. தீர்த்தம், முக்கால்வாசி.

கோப்பு வந்தது. தூசி தட்டி, கண்ணுச்சாமியையே வாசிக்கச் சொன்னார் மாதங்கி. சான்றிதழ் கேட்டுச் சித்தரே கொடுத்த தண்ணீர். முடிவு: மலக்கிருமிகள் உள்ளன, குடிக்கத் தகுதியற்றது. மனிதர் குரல் இறங்கிவிட்டது. கேனைக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளினார். மடத்துக்கு நேரில் போன மருத்துவர் கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இனிப்பு ஒட்டிய விரலில் குத்தினால் மிஷின் கூட்டிக் காட்டும். எந்தத் தண்ணீரில் கழுவினாலும் சரியான அளவு தெரியும். அதற்குமேல் 'நடவடிக்கை எடுக்கலாம்' என்று ஒரு கையெழுத்து. எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா மதினி?"

"இது மருந்துக் கம்பெனிக்காரன் காசு குடுத்து எழுதச் சொன்னது" என்றார் முன்னாள் தலைமையாசிரியை.

எஸ்தருக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்க காலுக்காகத்தான் இம்புட்டும் அலைஞ்சேன். சரி, காகிதத்தை நம்ப வேணாம். பௌர்ணமிக்கு நானும் வாரேன்."

பௌர்ணமியன்று வரிசையில் நின்று, எஸ்தர் பஞ்சாமிர்தத்தை வாங்கி விரலெல்லாம் வழிய நக்கினாள். என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டே சீடர் குத்தினார். நானூற்று முப்பது!

"பேங்க்ல உக்காந்தே சேத்த சர்க்கரை!" என்றார் சித்தர். கூட்டம் உச்சுக்கொட்டியது.

அவர் செம்பைத் தூக்குவதற்குள், எஸ்தர் தன் பாட்டிலைத் திறந்து கையைக் கழுவித் துடைத்து நீட்டினாள். "இப்பக் குத்துங்கண்ணே."

தொண்ணூற்றைந்து.

"சாமி, எனக்குச் சுகரே கெடையாது. தீர்த்தமும் குடிக்கல, மந்திரமும் கேக்கல. அந்த நானூத்தி முப்பது எங்கிருந்து வந்துச்சு, எங்க போச்சு?"

சித்தர் கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். நல்ல நேரம் பார்த்துத்தான்!

அப்போது பிலோமினாள் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தார். பஞ்சாமிர்தத்தை விலக்கினார். எஸ்தரிடம் பாட்டிலை வாங்கித் தானே கையைக் கழுவினார். குத்தினார்கள்: முந்நூற்றெண்பது. தீர்த்தத்தில் கழுவினார். மந்திரம் சொல்லச் சொல்லி அதட்டினார், பள்ளிக்கூடக் குரலில். சித்தர் சொன்னார், நாக்குக் குழற. மறுபடி குத்தினார்கள்: முந்நூற்றெண்பத்திரண்டு.

"கழுவுன கைக்கு உம்ம அருள் எறங்காதோ?" என்று கேட்டார் பிலோமினாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, "என் காலு, எஸ்தர்" என்று தேம்பினார்.

கூட்டம் திரும்பிப் பார்க்கையில் சித்தரின் மரச்செருப்பு மட்டும் இருந்தது. மேலூர் பக்கம் ஓடியவரை இரண்டு நாளில் போலீஸ் பிடித்துவிட்டது. பிலோமினாளுக்குக் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது, ஊசியும் தினம் போடுகிறார்.

சுபமாக முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்று மடத்தை விட்டு வெளியே வரும்போது, கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே ஒரு பேராசிரியர் எஸ்தரிடம் ஓடிவந்தார்.

"மேடம், உங்க பாட்டில் தண்ணி எந்த ஊருத் தண்ணி? நானூத்தி முப்பதத் தொண்ணூத்தஞ்சாக்கிருச்சே!"

அவருக்குப் பின்னால் ஏற்கெனவே இருபது பேர், கேனோடு, வரிசையில்.

அடுத்த சித்தர் எங்கிருந்து வருவார் என்று தேடாதீர்கள், ஐயா. அவரை நீங்கள்தான் வரிசையில் நின்று தயாரிக்கிறீர்கள். அரசாங்கத்தைக் கேட்டால் மாதக் கணக்கில் காக்கவைக்கும். உங்கள் சொந்த மூளையைக் கேட்டுப் பாருங்கள். பாவம், ஆள் வராதா என்று அது சும்மாவே உட்கார்ந்திருக்கிறது.