தாமிரம் சாரும் ஊதா நிறமும்

செம்பை இந்த உலகத்தில் தாமிரம் சார் அளவுக்குச் சந்தேகப்பட்டவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இத்தனைக்கும் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். டெல்லியில் நான் சேர்ந்த ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் செம்புக் காப்பு, மோதிரம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட வைப்பார்.

ஒருமுறை பார்வையிட வந்த பெரிய அதிகாரியையே, "சார், கடா உதாரியே" என்று காப்பைக் கழற்றச் சொல்லி நிறுத்திவிட்டார். "டாக்டர் போடச் சொன்னார்" என்று அதிகாரி ஹிந்தியில் முனக, "உள்ளே இருக்கிற பாக்டீரியாவுக்கு நான்தான் டாக்டர்" என்றார் இவர். காப்பு கழன்றது.

காரணம் இருந்தது. சேற்றில் மீத்தேனைத் தின்று வாழும் ஒரு பாக்டீரியாவை நாங்கள் வளர்த்தோம். மீத்தேனை மாற்ற அதனிடம் இரண்டு என்சைம்கள். ஒன்றுக்குச் செம்பு வேண்டும், மற்றதற்கு இரும்பு. துளி செம்பு கிடைத்தால் போதும், இரும்பு என்சைமைச் செய்வதையே நிறுத்திவிடும். எங்களுக்கு வேண்டியதோ அந்த இரும்பு என்சைம்தான்.

"அது எப்படி சார் வேலை செய்யுது?" என்று கேட்டேன்.

"மெட்ரோ சீட்டுன்னு வச்சுக்கோம்மா. பெரிய புரதம் ஒண்ணு, அதுல ஒரே சீட்டு. மொத ஆளு வந்து உக்காந்து எலக்ட்ரானைக் குடுக்கணும். அவன் எந்திரிச்சாத்தான் ரெண்டாவது ஆளு உக்கார முடியும். அவன் உக்காந்தாத்தான் மீத்தேனுக்குக் கதவு தெறக்கும்."

"முதல் ஆள் எழுந்திருக்கலேன்னா?"

"நம்ம ராஜீவ் சௌக் ஸ்டேஷன் கூட்டம் மாதிரிதான். ஒண்ணும் நடக்காது."

மகளுக்கு ஒன்றரை வயதானபோது அவளைக் கிரெஷில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். மூன்று மாத ஒப்பந்தம். என்சைம் கிடைத்தால் வேலை நீடிக்கும், இல்லாவிட்டால் வீடு. பாக்டீரியாவுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனைக் கொடுத்து ஒரு சாயத்தைச் சேர்க்க வேண்டும். இரும்பு என்சைம் இருந்தால் ஊதா நிறம் வரும்.

இரண்டு மாதமாக ஊதா வரவில்லை. செம்பு போகக் குடுவைகளை அமிலத்தில் சரியாகக் கழுவினேனா? கழுவும்போது கிரெஷிலிருந்து போன் வந்ததே, ஒன்றை விட்டுவிட்டேனோ? காலையில் மயூர் விஹார் வீட்டுப் படியிறங்கும்போதே இந்தக் கேள்விகள் தொடங்கிவிடும்.

"நான்தான் ஏதோ தப்பு பண்றேன் சார்."

"நீ கழுவுன கழுவுல கண்ணாடியே தேஞ்சு போச்சு. கள்ளன் வெளியேருந்து வாரான். புடிக்கேன் பாரு."

மூன்றாவது மாதம் நானே பிடித்தேன். டெல்லித் தண்ணீரில் டிகாஷன் கெட்டுப்போகிறது என்று, தாமிரம் சார் ஆய்வகத்தின் சுத்தமான தண்ணீர் கேனிலிருந்துதான் காபிக்கு மொள்ளுவார். அது எல்லோருக்கும் தெரியும். அன்று கேன் முக்கால்வாசி காலி. அடியில் ஒரு டபரா கிடந்தது. மேல்பூச்சு போய், விளிம்பு மஞ்சளாகத் தெரிந்தது. பித்தளை. அதாவது பாதிக்குமேல் செம்பு. பாக்டீரியாவுக்கு நான் வாராவாரம் ஊட்டியதும் அதே தண்ணீர்தான்.

அவர் நாற்காலி வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். சொன்னால் கட்டடமே அவரைப் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். நாலாவது முறை வாய் திறந்தது.

"சார்... கேன்ல ஒரு டபரா கெடக்கு. பித்தளைதானே?"

எழுந்து வந்து கேனுக்குள் எட்டிப் பார்த்தார். "மொள்ளதுக்குப் போட்டு வச்சேன்" என்றார் மெதுவாக. "ஊரு பூரா கள்ளனைத் தேடியிருக்கேன் பாரேன்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். தண்ணிய மட்டும் மாத்திடலாம்."

"சொல்லலேன்னா தப்பை உம் பேருல எழுதிருவாங்கம்மா."

டபராவைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தலைமை விஞ்ஞானியின் அறைக்குப் போனார். மேசையில் டங்கென்று வைத்து, "மேடம், சோர் மை ஹூன்" என்று, கள்ளன் தான்தான் என ஒப்புக்கொண்டார். கட்டடம் இரண்டு நாள் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

புதுத் தண்ணீர், புது வளர்ப்பு. சோதனை நாளன்று தாமிரம் சார் உள்ளே வரவில்லை. தனக்குத்தானே தடை போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றார். டியூபில் கத்தரிப்பூ நிறம் மெல்லப் படர்ந்ததும் அதை ஏந்திக்கொண்டு ஓடினேன். அவர் டியூபைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா? போய்ச் சாப்பிடும்மா மொதல்ல. ஊதா எங்கயும் ஓடிப் போவாது."

வேலை நிலைத்தது. அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். இன்றும் ஒரு சோதனை பலித்தால், யாருமில்லை என்று தெரிந்தும், டியூபோடு முதலில் வராந்தாவுக்குத்தான் போகிறேன்.