‘நாங்கள்’ என்றால் நானும் உண்டா?

"சார், ஒரு சந்தேகம். ‘நாங்கள்’னா அதுல நானும் உண்டா?"

திங்கள்கிழமை காலை பத்தேகாலுக்கு இந்தக் கேள்வியோடு வந்து நின்றவருக்குப் பட்டறையில் ‘இலக்கணம்’ என்று பெயர். இலக்கணம் தெரிந்ததால் வந்த பெயர் அல்ல, தெரியாததால் வந்தது. வேறொரு தேசத்தில், வேறொரு மொழியில் பிறந்து வளர்ந்து, பிழைக்க வந்த இடத்தில் தமிழைக் காதாலேயே பிடித்த மனிதர். லேத் மெஷினில் இம்மி பிசகமாட்டார். வாயைத் திறந்தால் மட்டும், வீட்டில் மனைவியோடு நடந்த சண்டையைக்கூட "நேத்து நாம பயங்கரமா சண்டை போட்டோம்" என்று கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டு சொல்வார்.

மேற்பார்வையாளர் தலையை நிமிர்த்தவில்லை. எடை மெஷின்களையும் தராசுகளையும் பழுது பார்த்து, சோதித்து, முத்திரை வைத்துத் தருகிற பட்டறை அது. அவர் கையில் ஒரு இடுக்கி, இடுக்கியின் நுனியில் ஒரு கிராம் எடைக்கல். காற்றுப் பட்டால் எடை மாறும் என்று மூச்சைக்கூடத் தவணை முறையில் விடுகிறவர் அவர்.

"எத்தனை தடவ சொல்றது? எதிர்ல நிக்கிற ஆளையும் சேத்துக்கிட்டா ‘நாம’. அந்த ஆள வெளிய நிறுத்திட்டா ‘நாங்க’. ‘நாம சாப்பிடப் போறோம்’னா உனக்கும் சோறு உண்டு. ‘நாங்க சாப்பிடப் போறோம்’னா நீ வேடிக்கை பாக்கலாம்."

"அப்ப அந்த நோட்டீஸ்ல நாம இல்லையா சார்?"

"எந்த நோட்டீஸ்?"

வருகைப் பதிவேட்டுக்கு மேலே, ஊழியர் பலகையில் அது குத்தியிருந்தது. ‘வரும் முதல் தேதியிலிருந்து நாங்கள் புதிய கட்டடத்தில் இயங்குவோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இதுவரை நீங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி.’ கீழே முதலாளியம்மாவின் கையெழுத்து.

மேற்பார்வையாளர் அதை மூன்று முறை படித்தார். முதலாளியம்மா எழுத்தில் பிசகுகிறவர் அல்லர். ஓர் ஒற்று விடுபட்டால் கடிதத்தையே திருப்பி அனுப்புவார். அவர் ‘நாம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி ‘நாங்கள்’ என்று எழுதுவாரா? போதாக்குறைக்கு அந்த ‘இதுவரை’. அதற்கு நன்றி வேறு.

முதலாளியம்மா புதுக் கட்டட வேலையாக வெளியே இருந்தார். வெள்ளிக்கிழமைதான் வருவார். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்றுதான் பயம்.

மேற்பார்வையாளருக்கு வயது ஐம்பத்தேழு. இந்தப் பட்டறையில் பதினாறு வருடம். முள் நடுக்கோட்டில் நிற்காத தராசைக் கண்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இது தராசா, ஊஞ்சலா?" என்று ஒரு கேள்வி கேட்பார். அதைக் கேட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் உண்டு. சீட்டு இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டு, மஞ்சள் தாளில் ரிப்பேர் சீட்டு அச்சடித்து வைத்ததும் அவர்தான். முதுகுக்குப் பின்னால் தன்னை எல்லோரும் ‘முள்ளு’ என்று கூப்பிடுவது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பார். காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிப் போடலாம். இது பதினாறு வருடமாகக் காதில் தைத்திருந்தது. முள்ளை யார் புது வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்?

தலைவலி என்று சொல்லி அன்று ஐந்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"என்ன, மூஞ்சி இப்படித் தொங்கிக்கிட்டிருக்கு?" என்றாள் மனைவி.

தன் பயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதைத் தனக்குக் கீழே வேலை பார்க்கிற பதினோரு பேருக்கும் பங்கு போட்டார். "பட்டறையில எல்லாரும் ஒரு நோட்டீஸப் பாத்துக் கதிகலங்கிப் போயிருக்காங்க. வேலை போயிடும்னு பயம்."

மனைவி ஒரு டெலிபோன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். போன மாதம் அங்கே எல்லோரையும் ஒருநாள் முழுக்க உட்காரவைத்து மன அழுத்தம் பற்றி வகுப்பெடுத்திருந்தார்கள்.

"டென்ஷன் வந்தா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி ஆயிடுவாங்களாம். ஓயாம பேசுறவங்க ஊமையாயிடுவாங்க. பேசாதவங்க பேச ஆரம்பிப்பாங்க. அந்த நேரத்துல மேல இருக்கிறவங்க மூணு காரியம் பண்ணணும். சிரிக்கணும். வீட்டு மனுஷங்கள விசாரிக்கணும். வாய்விட்டுப் பாராட்டணும்."

"மூணும் பண்ணணுமா?"

"சிரிப்ப மட்டும் கொஞ்சம் கண்ணாடி முன்னாடி பழகிக்குங்க. எடுத்த எடுப்புல மனுஷங்க மேல காட்டாதீங்க."

அவர் கண்ணாடிக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்தார். செவ்வாய் காலை மேசையில் உட்கார்ந்து சிரிப்பை மாட்டிக்கொண்டதும், பட்டறையைப் பெருக்கித் துடைக்கிற அம்மா வாளியோடு எதிரே வந்து நின்றாள்.

"சார், அந்த நோட்டீஸு..." என்று தொடங்கியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பாதியில் நிறுத்தினாள். வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டாள்.

பாவம், இவளுக்கும் பயம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்து கவுண்டருக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறு மணிக்குத்தான் நிலையத்தை மூடுவாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமாம்மா? மாமியாருக்கு முட்டி வலி தேவலையா?"

ஒன்பது வருடமாக அந்த முட்டியின் கதை பட்டறைக்கே மனப்பாடம். அதற்கு அவர் இதுவரை சொன்னதெல்லாம், "இது தராசுக் கடையா, ஆஸ்பத்திரியா?" என்பதுதான்.

ரேடியோ எழுந்து நின்றுவிட்டாள். "தேவல சார்." அவ்வளவுதான். மாலை வரை அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மனைவி சொன்னது சரிதான். ஓயாமல் பேசுகிறவள் ஊமையாகிவிட்டாள்.

மெக்கானிக் ஒருவன் இருந்தான். ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்கு ‘மௌனி’ என்று பெயர். ஒரு தராசை முடித்துக் கொண்டுவந்து வைத்தான். எடைக்கல்லை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வழக்கம்போல முள் அச்சாக நடுவில் நின்றது. வழக்கம்போல என்றால் அவர் "ம்" என்று சொல்லியிருப்பார். அதுதான் அந்தப் பட்டறையின் மிகப் பெரிய விருது.

"பிரமாதம்ப்பா! உன் கையில ஏதோ மந்திரம் இருக்கு!"

மௌனியின் முகம் வெளிறியது. தராசைத் திரும்ப எடுத்துப் போனான். முப்பத்து நாலு திருகாணிகளையும் கழற்றித் தட்டில் வரிசையாகப் போட்டான்.

"என்னப்பா பண்றே?"

"எங்கயோ தப்பு இருக்கு சார். நான் கண்டுபிடிச்சிடறேன் சார்."

ஏழு வார்த்தை! ஒரே மூச்சில்! பேசாதவனும் பேச ஆரம்பித்துவிட்டான். வகுப்பில் சொன்னது அட்சரம் பிசகாமல் நடக்கிறதே என்று அவர் நடுங்கிப் போனார். இன்னும் அன்பாக இருக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை இன்னும் அன்பாக இருந்தார். தானியக் கடைக்குப் போக வேண்டிய ஒரு மெஷின் இரண்டு கிராம் கூடுதலாகக் காட்டியது. தொண்டை வரைக்கும் வந்த ஊஞ்சலை விழுங்கிவிட்டு, "பரவாயில்ல, பாத்துக்கலாம்" என்றார். யாரோ ஒருவர் கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே போட்டார். பதினாறு வருடத்தில் அந்தத் தரையில் எடைக்கல் விழுந்தது அதுதான் முதல் தடவை. "அதுவும் பரவாயில்ல" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாலையில், "எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்டுக்குக் கிளம்புங்கப்பா" என்றார். ஒருவர்கூட அசையவில்லை. ஐந்து, ஆறு, ஆறரை ஆகியும் பதினோரு பேரும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகச் சொன்னதை வேலையை விட்டே போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்களோ? பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை எல்லோரையும் சோதனை அறையில் கூட்டினார்.

"எது வந்தாலும் யாரும் கவலப்படக்கூடாது. புது எடத்துக்குப் போனாலும் சரி, போகாட்டியும் சரி. எங்க இருந்தாலும் நாம நாமதான்."

இலக்கணம் கையைத் தூக்கினார். "சார், இந்த ‘நாம’ல நீங்க உண்டா?"

விதிப்படி அந்த ‘நாம’வில் அவர் கட்டாயம் உண்டு. "கண்ணுல தூசி" என்று திரும்பிக்கொண்டார். தூசி நுழையக்கூடாதென்று இரட்டைக் கதவு போட்ட அறை அது.

அன்று மதியத்திலிருந்து ஒரு மஞ்சள் தாள் மேசைக்கு மேசை நகரத் தொடங்கியது. ஒவ்வொருவரும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் பக்கத்தில் வந்தால் அது இழுப்பறைக்குள் போகும், கையுறைக்கு அடியில் போகும், ஒரு தடவை இலக்கணத்தின் சட்டைக்குள்ளேயே போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. பதினோரு பேர் சேர்ந்து ஒருவரை வெளியே நிறுத்துகிறார்கள். அதற்குத்தான் ‘நாங்கள்’ என்று பெயர். அவரே சொல்லிக்கொடுத்த பாடம். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் தன் சொந்த இடுக்கியையும் பூதக்கண்ணாடியையும் சட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து எடுக்க வேண்டிய அவசியம் இருக்கக்கூடாது.

முதலாளியம்மா மஞ்சள் தாளை நீட்டினார். "என்ன சார் இது? உங்க ஆளுங்க என் மேசையில வச்சிட்டுப் போயிருக்காங்க."

அவர் அச்சடித்த ரிப்பேர் சீட்டுதான் அது.

பொருள்: தராசு முள், ஒன்று.

பயன்பாட்டில்: பதினாறு வருடம்.

பழுது: செவ்வாய் முதல் சிரிக்கிறது. வீட்டில் உள்ளவர்களை விசாரிக்கிறது. இரண்டு கிராம் கூடினாலும் ‘பரவாயில்லை’ காட்டுகிறது. ‘தராசா, ஊஞ்சலா’ என்ற சத்தம் அடியோடு நின்றுவிட்டது.

செய்ய வேண்டியது: என்ன நோயாக இருந்தாலும் வைத்தியம் பார்த்து, பழையபடியே திருப்பித் தரவும். புது முள் வேண்டாம்.

கீழே பதினோரு கையெழுத்து. கடைசியில் இலக்கணத்தின் கோணல் எழுத்தில் ஒரு வரி: ‘இந்த முள் இல்லாமல் நாம் புது இடத்துக்குப் போகமாட்டோம்.’ ‘நாம்’ என்பதை அடித்து யாரோ ‘நாங்கள்’ என்று திருத்தியிருந்தார்கள். அதையும் அடித்து இலக்கணம் மறுபடி ‘நாம்’ என்றே எழுதியிருந்தார்.

தராசு முள். அவர் அந்த இரண்டு சொல்லையும் விரலால் தடவிப் பார்த்தார். பதினாறு வருடமாகத் தான் வேறு முள்ளை நினைத்துக்கொண்டிருந்ததை எண்ணி வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"உடம்புக்கு ஏதாவதா சார்?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. சரியாயிடுச்சு."

வெளியே வந்தார். மௌனியின் மேசையில், நாலு நாளில் ஐந்தாம் முறையாகப் பிரித்துப் பூட்டிய தராசின் முள் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது தராசா, ஊஞ்சலா?"

கவுண்டர் பக்கமிருந்து, "அதத்தான் சார் எங்க மாமியாரும், முட்டிய நீட்டி மடக்கும்போது..." என்று ரேடியோ தொடங்கிவிட்டாள். மௌனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்றான்.

அப்போதுதான் அவர் ஊழியர் பலகையைப் பார்த்தார். நோட்டீஸ் அங்கே இல்லை. வாசலில் பெருக்குகிற அம்மா அதைக் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம், தெருவைப் பார்த்தாற்போல ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அத எதுக்கு வெளியில ஒட்றே?"

"இது கஸ்டமருக்கு எழுதினது சார். திங்கக்கிழமை பசை தீந்துபோச்சு, கைக்கு வாகா இருக்கட்டும்னு பலகையில குத்தி வச்சேன். அன்னிக்குச் சாயந்திரமே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"எல்லார்கிட்டயுமா? என்கிட்ட சொல்லலையே!"

"சொல்லத்தான் சார் மறுநாள் காலையில வாளியோட வந்தேன், நீங்க சிரிச்சீங்க, நான் பயந்து ஓடிட்டேன்."