ஒரு தடவை மட்டும் கேட்கும் மச்சானுக்கு

மாம்புரி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய மைத்துனர் சுஹைர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீரும் உமது மனைவி பரீனாவும் கொழும்பில் அந்தப் பதினோராம் மாடியில் ஒரு குறையுமின்றி இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். இங்கே காற்று பலம். தென்னைகள் பரவாயில்லை. என் முதுகைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நான் வேண்டிய அளவு மௌனமாக இருந்துவிட்டேன். கொழும்பிலிருந்து திரும்பிய நாள் முதல் பொறுத்தேன், இனி இயலாது. வட்சப்பில் எழுதினால் ஒரு பெருவிரலை அனுப்பிக் கதையை முடித்துவிடுவீர் என்பதால் தபாலில் எழுதுகிறேன். உமது கல்யாணத்தில் என்னை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக்காட்டவில்லை, நினைவூட்டுகிறேன்.

நாங்கள் வந்தது எதற்கு என்பது உமக்குத் தெரியும். உம்முடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா, என் மனைவி நிஸ்மியா, கொழும்புத் தாமரைக் கோபுரத்தை டீவியில் கண்ட நாளிலிருந்து அதன் உச்சியில் ஒரு தடவை நிற்க ஆசைப்பட்டாள். ஏனென்று கேட்டேன். "சும்மாதான். எல்லாத்தயும் கீழ நிண்டுதானே பாத்தீக்கிறன்" என்றாள். அந்த ஒரு ஆசைக்காகத்தான் பாலாவிச் சந்தியில் பஸ் மாறி, முழங்காலை முன் சீற்றில் இடித்துக்கொண்டு, மடியில் ஒரு பொதி கட்டாக் கருவாட்டோடு வந்தோம்.

அந்தப் பொதியை உமது வாசற் காவலாளி மணந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். "கரவல" என்று அவனுடைய சிங்களத்திலேயே பதில் சொன்னேன். அவன் என்னை விட்டுவிட்டான். லிஃப்டில் இருந்தவர்களால்தான் அந்த வாடையைத் தாங்க முடியவில்லை. இரண்டாம் மாடியில் ஒருவர், மூன்றாம் மாடியில் இருவர் என்று இறங்கி, பதினோராம் மாடிக்கு நாங்களும் கருவாடும் மட்டுமே போய்ச் சேர்ந்தோம்.

பரீனா கேட்டார்: "மச்சான், புரியாணி வைக்கவா?"

"வேணாம், வரக்குள்ள பாண் திண்டோம்" என்றேன்.

"அப்ப சரி" என்று சட்டியைத் தூக்கி பிரிட்ஜில் வைத்தார். அந்தக் கதவு மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுஹைர், நீர் மாம்புரியில் பிறந்தவர். முதல் 'வேணாம்' மரியாதைக்கு, இரண்டாவது யோசிக்க, மூன்றாம் தடவை கேட்டால் பீங்கானை நீட்டலாம் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உங்கள் உம்மா மர்ஹூமா உயிரோடு இருந்த காலத்தில் ஐந்து தடவை கேட்டு, ஆறாவதாகக் கையைப் பிடித்து இழுத்தே உட்கார்த்துவார். அவருடைய மகனுடைய வீட்டில் நான் பசியோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பின்னேரம் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, "மச்சான், கடலப் பாருங்கொ!" என்றீர். என் வீட்டுப் பின்படலையைத் திறந்தால் கடல், அதுவும் இதைவிடச் சுத்தமான கடல். அங்கே இறால் வடை வாங்கி, "தின்றீங்களா?" என்று கேட்டீர். 'வேணாம்' என்றேன். என் பங்கையும் சேர்த்து நீரே தின்றீர். எங்கள் களப்பில் பிடித்த இறாலாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் மன்னித்துவிடுவேன். மறுநாள் கோபுரத்தின் அடியில் நடந்ததுதான் நெஞ்சில் நிற்கிறது.

"மச்சான், மேல ஏறுவமா? டிக்கட் எடுக்கவா?"

"சே, வேணாம். என்னத்துக்கு வீண் செலவு? கீழ நிண்டாலே வடிவாத் தெரியிது."

சொல்லிவிட்டு உமது இரண்டாவது கேள்விக்காகக் காத்து நின்றேன். நீர் மணிக்கூட்டைப் பார்த்தீர். "அதுவும் சரிதான், வெயிலும் கூட. ஒரு ஃபோட்டோ புடிப்பம்" என்றீர். அந்தப் படத்தில் நீர் சிரிக்கிறீர். நானும் சிரிக்கிறேன். நிஸ்மியா அண்ணாந்து நிற்கிறாள். அவளுடைய முகத்தில் நாடி மட்டும்தான் படத்தில் விழுந்திருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் சிலாபம் தாண்டும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க வேணாமெண்டது ஒங்களுக்கு. எனக்கிட்ட ஆரு கேட்ட?" அதற்குப் பிறகு இந்த வீட்டில் தேத்தண்ணி வருகிறது, சோறு வருகிறது, கதை வருவதில்லை. இதற்கு முழுப் பொறுப்பும் உம்முடையதே என்பதை எழுத்தில் பதிந்துவைக்கிறேன். இனி உமது வாசலை மிதிக்க மாட்டேன்.

பரீனாவுக்கு ஸலாம். அவருடைய பிரிட்ஜுக்கும்.

பி.கு: இதை எழுதி மடிக்கும்போது நீரே போனில் கோல் எடுத்து, "பெருநாள் லீவுக்கு வாங்கொ மச்சான், ராத்தாவ மேல கூட்டிப் போறன்" என்றீர். பழக்கத்தில் நாக்கு தானாக, "வேணாம்" என்றுவிட்டது. நீரும் "அப்ப சரி" என்று வைத்துவிட்டீர். நிஸ்மியா குசினி வாசலில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே, ஜெனரேட்டர் நீங்கலாக மேலே உள்ள அனைத்தையும் மறந்துவிட்டு, தயவுசெய்து இன்னொரு தடவை கேளும். என்னிடம் கேட்க வேண்டாம். போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி அவளிடம் கேளும். அவள் முதல் தடவையிலேயே ஓம் என்பாள். நான் கெஞ்சி எழுதினேன் என்று ஊருக்குத் தெரியக்கூடாது. அதனால் கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.